நேற்று வரை போன மெயில் இன்று ஏன் போகவில்லை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். ஜெராக்ஸ் மிஷினில் பேப்பரை வைத்து ஸ்கேன் கொடுத்தால் மெயிலுக்குப் போகமாட்டேன் என்கிறதாம். அதனால் டோனர், டிரம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோவையில் 24 வருடமாக இந்த மிஷின்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஸ்கேன் மெயில் போகவில்லை என்று கூப்பிட்ட இடங்களில் ஸ்குரூ டிரைவரைப் பையிலிருந்து எடுத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடமாக ஸ்கேன் ஒழுங்காக மெயிலுக்குப் போனது. அலுவலக ஜிமெயில்தான் மிஷினில் போட்டிருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒன்றும் போகவில்லை. வந்து பார்த்தவர் நெட்வொர்க் போர்டு போயிருக்கும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?
— அலுவலக உதவியாளர், ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள். போர்டு போயிருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டும் நின்றிருக்கும். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பிரிண்ட் வருகிறது என்றால் 18,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

முதலில் மிஷின் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பேனலில் ஜாப் ஹிஸ்டரி, ஜாப் லாக், ஸ்டேட்டஸ் என்று ஏதாவது ஒரு பெயரில் பட்டியல் இருக்கும். அதில் தோற்றுப்போன ஸ்கேனைத் தொட்டால் ஒரு வரி வரும். ஆதென்டிகேஷன் என்ற சொல்லோ 535 என்ற எண்ணோ அதில் இருந்தால், மிஷின் கூகுள் வாசல் வரை போய்விட்டது, பாஸ்வேர்டு தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். வாசல் வரை போன மிஷினுக்கு போர்டு எப்படிக் கெட்டிருக்கும்?

இப்போது அலுவலகத்தில் ஒருவரைக் கேளுங்கள்: செவ்வாய்க்கிழமையோ அதற்கு முந்தின நாளோ யாராவது அந்த ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினார்களா? என் கணிப்பு, ஆடிட்டரே மாற்றியிருப்பார். மிஷினுக்குள் இருப்பது அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு இல்லை. அது ஆப் பாஸ்வேர்டு என்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்துச் சரம். உங்களுக்கு மிஷினை செட் செய்து கொடுத்தவர் அதைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். ஜிமெயிலின் அசல் பாஸ்வேர்டை மாற்றிய நிமிடமே பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். மாற்றியவருக்கு இது தெரியாது. மிஷினுக்கும் யாரும் சொல்லவில்லை.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். 2022 மே 30-ம் தேதி கூகுள் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் ஒரு கதவை அடைத்தது. அதுவரை வெறும் பெயர், பாஸ்வேர்டை வைத்து எந்த மிஷினும் உள்ளே போய் மெயில் அனுப்பலாம். அதன் பிறகு முடியாது. அந்த வாரம் காலை ஒன்பது மணிக்கெல்லாம் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, மெயில் போகமாட்டேங்குதுங்ணா." முதல் நாள் காந்திபுரத்தில் ஓர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் முட்டிமோதிவிட்டு, மிஷினை ஃபேக்டரி ரீசெட் அடித்துவிட்டேன். அட்ரஸ் புக்கில் இருந்த 140 பெயர்களும் போயின. பேக்கப் எடுக்கவில்லை. அந்த அலுவலகத்துப் பெண் ஒன்றும் பேசாமல் ஒரு நீளமான நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தேன். காரணம் மிஷினில் இல்லை என்று மறுநாள் வேறொரு அலுவலகத்தில்தான் புரிந்தது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். அந்த ஜிமெயில் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இருக்க வேண்டும், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு போனிலும் ஒருமுறை கேட்கும் ஏற்பாடு. அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்டு கிடைக்காது. கூகுள் கணக்குப் பக்கத்தில் அந்த இடத்தைத் தேடி அலையாதீர்கள், ஒளித்து வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஆப் பாஸ்வேர்டு என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்துவிடும். ஒரு பெயர் கொடுங்கள், ஜெராக்ஸ் என்றே கொடுக்கலாம். நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்து காட்டும். ஒரே ஒரு முறைதான் காட்டும். இடைவெளி விடாமல் மிஷினில் போடுங்கள்.

அதை மிஷினின் பேனலில் அடிக்காதீர்கள். அந்தச் சின்ன விசைப்பலகையில் எல் என்ற எழுத்தும் ஐ என்ற எழுத்தும் ஒன்றுபோலத் தெரிந்து உயிரை வாங்கும். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து மிஷினின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியை, அடித்தால் மிஷினின் செட்டிங் பக்கம் வரும். அங்கே ஒட்டுங்கள். அதிலும் ஒரு குழி இருக்கிறது. பாஸ்வேர்டு கட்டத்தைப் பார்த்ததும் பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பாஸ்வேர்டைத் தானே நிரப்பிவிடும். வெறும் கரும்புள்ளிகள்தான் தெரியும் என்பதால் கண்ணுக்குப் படாது. முதலில் கட்டத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு ஒட்டுங்கள். யூசர் நேமில் மெயில் முகவரி முழுதாக இருக்க வேண்டும். போர்ட் என்பது மெயில் போகும் வாசலின் எண்; ஸ்டார்ட்டிஎல்எஸ், எஸ்எஸ்எல் இரண்டும் மெயிலைப் பூட்டி அனுப்பும் முறைகள். போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். இந்த ஜோடி மாறினால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் போகாது.

கேள்வி: புது இன்டர்நெட் கனெக்‌ஷன் போட்டோம். அன்றிலிருந்து ஸ்கேன் மெயில் போகவில்லை. ஆனால் எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் பிரிண்ட் வருகிறது, ஜெராக்ஸும் எடுக்கிறது. நெட் நன்றாகத்தான் இருக்கிறது. பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் போனில் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.
— பின்னலாடை ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். பிரிண்ட் என்பது உங்கள் ஆபீஸுக்குள்ளேயே முடிந்துவிடும் வேலை. கம்ப்யூட்டரும் மிஷினும் ஒரே தெருவில் இருக்கின்றன, கூப்பிட்டால் கேட்கும். மெயில் தெருவைத் தாண்டி வெளியே போக வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது மிஷினுக்குள் கேட்வே என்ற இடத்தில் எழுதியிருக்கும். அதில் பழைய ரவுட்டரின் எண்தான் இன்னும் இருக்கிறது.

உங்கள் மிஷினுக்கு 192.168.1.50 போல ஒரு நிலையான எண் கொடுத்திருப்பார்கள். பழைய ரவுட்டர் 192.168.1.1. புது ரவுட்டர் போட்டவர் அதை 192.168.1.254 என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் கம்ப்யூட்டர்கள் தாமாக அதைக் கற்றுக்கொள்ளும். மிஷின் கற்றுக்கொள்ளாது. இல்லாத பழைய ரவுட்டரின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் சென்டிங் என்று காட்டிவிட்டு சர்வர் கிடைக்கவில்லை என்று முடிக்கும்.

ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுங்கள். டிஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் வரும். அதையே மிஷினில் கேட்வேயாகப் போடுங்கள். அதன் பக்கத்திலேயே டிஎன்எஸ் என்ற இடத்தையும் பாருங்கள். பல இடங்களில் அங்கே 0.0.0.0 என்றோ பழைய இன்டர்நெட் நிறுவனத்தின் எண்ணோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டிஎன்எஸ் இல்லாவிட்டால் மெயில் சர்வரின் பெயர் மட்டும் தெரியும், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று மிஷினால் கண்டுபிடிக்க முடியாது. 8.8.8.8 என்று கூகுளின் எண்ணைப் போட்டால் போதும். பிறகு மிஷினை மெயின் சுவிட்சில் நிறுத்திப் போடுங்கள். பேனலில் இருக்கும் பவர் பட்டன் மிஷினைத் தூங்க மட்டுமே வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண் தொல்லையே வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஆட்டோவில் விடச் சொல்வார்கள். மெயில் உடனே போகும். ஆனால் மிஷினின் சொந்த எண் என்றைக்காவது மாறும், அன்றைக்கு எல்லா கம்ப்யூட்டரிலும் பிரிண்ட் நிற்கும். ரவுட்டரில் மிஷினுக்கு ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கத் தெரிந்தவர் இருந்தால் மட்டும் ஆட்டோவில் விடுங்கள்.

இன்னொன்று: ஜியோ ஃபைபர் ரவுட்டராக இருந்தால் அதன் எண் வழக்கமாக 192.168.29.1. எண்ணின் மூன்றாவது பகுதி 1-க்குப் பதில் 29 ஆவதால் தெருவே மாறிவிடும், பிரிண்டும் நின்றிருக்கும். உங்களுக்குப் பிரிண்ட் வருகிறது, அதனால் உங்கள் கதை அது இல்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

போர்ட் 25 என்று யாராவது மாற்றி வைத்திருந்தால் அதையும் 587 ஆக்கிவிடுங்கள். ஸ்பேம் பயத்தில் பல இன்டர்நெட் நிறுவனங்கள் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன.

கேள்வி: ஒன்றிரண்டு பக்கம் அனுப்பினால் உடனே போகிறது. மாணவர் சேர்க்கைக் கட்டு 60 பக்கம் வைத்தால் போவதில்லை. ஒருமுறை மட்டும் போனது, அதுவும் ஐந்து மெயிலாக வந்தது. ஒன்றையும் திறக்க முடியவில்லை.
— பள்ளி அலுவலகப் பணியாளர், தாராபுரம்

பதில்: இங்கே இரண்டு சங்கதி இருக்கிறது, அம்மா. முதலில் அளவு. ஓர் ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் குறுக்கே 2480 புள்ளி, நெடுக்கே 3508 புள்ளி. பெருக்கினால் 87 லட்சம். கலரில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட், ஆக ஒரே பக்கம் 26 எம்பி. மிஷின் அதைச் சுருக்கித்தான் பிடிஎஃப் ஆக்குகிறது. ஆனாலும் கலர் பக்கம் ஒன்று அரை எம்பி, ஒரு எம்பி என்று வந்துவிடும். 60 பக்கத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 600 டிபிஐயில் வைத்திருந்தால் புள்ளிகள் நான்கு மடங்கு. நன்றாக வரட்டும் என்று யாரோ ஒருவர் 600-ஐ அழுத்திவிட்டுப் போவதைப் பல ஆபீஸில் பார்க்கிறேன்.

ஜிமெயில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி வரை விடும். அதிலும் ஒரு பிடித்தம் உண்டு. மெயில் என்பது எழுத்துகளை மட்டும் சுமக்கப் பிறந்தது. அதனால் இணைக்கும் கோப்பை எழுத்தாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மூன்று பைட் உள்ளே போனால் நான்கு எழுத்தாக வெளியே வரும். அதாவது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 18 எம்பியைத் தாண்டினாலே எல்லையை முட்டும். வாங்குகிறவர் பக்கம் இன்னும் சின்ன எல்லை இருக்கலாம்.

கறுப்பு வெள்ளை, 200 டிபிஐ. விண்ணப்பப் படிவத்துக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் அது தாராளம். கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பிட்தான், சுருக்கினால் பக்கம் 50 கேபி பக்கம் வரும், 60 பக்கமும் சேர்ந்து மூன்று எம்பிதான். என்ன, முத்திரையின் நீலமும் ரப்பர் ஸ்டாம்பின் சிவப்பும் தெரியாது. கலர் தேவைப்படும் பக்கங்களை மட்டும் தனியே அனுப்புங்கள்.

இரண்டாவது சங்கதி அந்த ஐந்து மெயில். சில மிஷின்களில் மெயில் அளவுக்கு ஓர் உச்சவரம்பு போட்டே வரும், 2 எம்பி, 3 எம்பி என்று. அதைத் தாண்டினால் பிரித்து அனுப்பு என்று பக்கத்திலேயே இன்னொரு செட்டிங். பழைய காலத்து மெயில் மென்பொருள் அந்தத் துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்துவிடும். ஜிமெயில் சேர்க்காது. ஒரு பாத்திரத்தை ஐந்து சில்லாக உடைத்து ஐந்து பேரிடம் கொடுத்த மாதிரிதான். பிரித்து அனுப்புவதை நிறுத்துங்கள், உச்சவரம்பை 15 எம்பிக்கு உயர்த்துங்கள். செட்டிங் பக்கத்தில் மெயில் என்ற பகுதியில்தான் இரண்டும் இருக்கும்.

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகம் அருகில் பத்திரம் எழுதுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மிஷின். ஜெராக்ஸ் கண்ணாடி மாதிரி எடுக்கிறது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஸ்கேன் செய்து கட்சிக்காரருக்கு மெயில் அனுப்பினால் மட்டும் டிஎல்எஸ் பிழை என்கிறது. பாஸ்வேர்டு சரிதான். மிஷினை மாற்றித்தான் ஆகவேண்டுமா?
— ஆவண எழுத்தர், திண்டுக்கல்

பதில்: முதலில் பேனலில் தேதியைப் பாருங்கள், ஐயா. சிரிக்காதீர்கள். பழைய மிஷினில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் 2000-ம் வருடத்துக்கோ அதன் பக்கத்திலோ போய்விடும். மெயில் சர்வர் தன்னை அடையாளம் காட்டத் தரும் டிஜிட்டல் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. மிஷின் தன் கடிகாரத்தைப் பார்த்து, இது இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று மறுத்துவிடும். பின் தேதி போட்ட பத்திரம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ அதேதான். தேதியைத் திருத்தி ஒரு ஸ்கேன் அனுப்பிப் பாருங்கள். பேட்டரி மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

தேதி சரியாக இருந்தும் போகவில்லை என்றால் மிஷின் பேசும் பூட்டு மொழி, அதாவது டிஎல்எஸ், பழசு. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021-ல் அதிகாரப்பூர்வமாகக் கைவிடப்பட்டுவிட்டன. 1.2 வந்தது 2008-ல், ஆனால் அதற்குப் பிறகு பல வருடம் கழித்து வந்த மிஷின்களில்கூட 1.0 மட்டும்தான் இருந்தது. சில மாடல்களுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது மிஷினை இயக்கும் உள் மென்பொருள், ஏற்றினால் 1.2 கிடைக்கும். வாங்கிய கடையில் கேளுங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, இப்போது இருக்கும் ஃபர்ம்வேர் எண்ணையும் குறித்துக் கொடுங்கள்.

அதுவும் இல்லையா? மிஷினை விற்காதீர்கள். ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பாமல் பென்டிரைவுக்கோ கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்கோ அனுப்புங்கள், அங்கிருந்து மெயில் போகட்டும். உங்கள் தொழிலுக்கு இது ஒரு விதத்தில் நல்லதும்கூட. அனுப்பும் முன் பக்கம் விடுபட்டிருக்கிறதா, சர்வே எண் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். ஃபோல்டர் வழியில் ஒன்று கவனம்: பழைய மிஷின்கள் எஸ்எம்பி 1 என்ற முறையில்தான் ஃபோல்டரைத் தேடும். இப்போதைய விண்டோஸில் அது அணைந்திருக்கும். அதை ஆன் பண்ணிவிடுகிறேன் என்று வருபவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை அந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. மிஷினில் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை இருந்தால் அந்த வழியில், ஆபீஸுக்குள் மட்டும், செட் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மில்லின் மெயில் மைக்ரோசாஃப்ட் 365-ல் இருக்கிறது. 5.7.139 என்று பிழை வருகிறது. கம்ப்யூட்டரில் அதே பாஸ்வேர்டு போட்டால் திறக்கிறது.
— கணக்குப் பிரிவு, பல்லடம்

பதில்: பாஸ்வேர்டு சரிதான், அந்த வழியாக வர அனுமதி இல்லை என்பதுதான் பெரும்பாலும் இதன் அர்த்தம். உங்கள் மெயில் நிர்வாகி அந்த ஒரு மெயில்பாக்ஸுக்கு மட்டும் எஸ்எம்டிபி ஆத் என்பதை, அதாவது மிஷின் போன்றவை லாகின் செய்து மெயில் அனுப்பும் வழியை, திறந்துவிட வேண்டும். செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு செட்டிங் ஆனில் இருந்தால் அது குறுக்கே நிற்கும், அதையும் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் இது தற்காலிகம். வெறும் பாஸ்வேர்டு வழியை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டுத் தேதியைத் தள்ளிக்கொண்டே வருகிறது. மிஷின் புதுசு என்றால் ஓஆத் வசதி, அதாவது பாஸ்வேர்டை மிஷினில் வைக்காமல் லாகின் செய்யும் முறை, இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

5.7.60 என்று வந்தால் அது வேறு. லாகின் ஒரு முகவரியில், அனுப்புநர் பெயர் வேறு முகவரியில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் போய்விடும்.

கேள்வி: முதலாளியின் சொந்த ஜிமெயிலையே மிஷினில் போட்டிருக்கிறோம். பரவாயில்லையா?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், கோவை

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்கள் கேட்டதிலேயே பதில் இருக்கிறது! போகிற ஸ்கேன் ஒவ்வொன்றும் அவருடைய சென்ட் ஃபோல்டரில் சேரும். யாருடைய ஆதார், யாருடைய சம்பளச் சீட்டு, யார் வேறு கம்பெனிக்கு அனுப்பிய பயோடேட்டா, எல்லாம். மிஷினுக்கென்று ஒரு தனி ஜிமெயில் திறங்கள். அப்புறம், மிஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் நாளில் அட்ரஸ் புக்கையும் பாஸ்வேர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் வந்த மிஷினை ஆன் செய்ததும் பழைய ஆபீஸின் முகவரிப் பட்டியல் முழுசாக எழுந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மெயிலில் வரும் ஸ்கேனில் மேலிருந்து கீழ் வரை ஒரு கறுப்புக் கோடு. கண்ணாடி மேல் வைத்து எடுத்தால் கோடு இல்லை.
— வாசகி, கரூர்

பதில்: பெரிய கண்ணாடியை விட்டுவிடுங்கள். அதன் இடது ஓரத்தில் விரல் அகலத்துக்கு நீளமாக இன்னொரு கண்ணாடிப் பட்டை இருக்கும். மேலே அடுக்கி வைக்கும் பேப்பர்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன. விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், கடுகில் பாதி அளவில் ஒரு புள்ளி தெரியும். காயாத ஒயிட்னர், இல்லாவிட்டால் கம். துணியில் போகாது, நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள்.